பென்குயின் காட்டுகிறோம் என்று கூட்டிப்போய் பிஸ்கோ மதுக்கடையில் உட்கார வைத்தார்கள்: லிமா – பராக்காஸ் – வாக்காச்சினா ஒருநாள் டூர்

பெருவின் தலைநகர் லிமாவிலிருந்து பராக்காஸ் கடற்கரையையும் வாக்காச்சினா பாலைவனத்தையும் ஒரே நாளில் காட்டிவிடுகிறோம் என்று விற்கிறார்களே, அந்த டூருக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். இடத்தைக் குறை சொல்ல எதுவுமில்லை, அவ்வளவு அழகு. அதை விற்கிற விதம்தான் மோசம். தாமதம் என்றால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன், எங்களிடம் முகத்துக்கு நேராகப் பொய் சொன்னார்கள்.

நான் வேலை விஷயமாக ஒன்பது மாதமாக லிமாவில் இருக்கிறேன். ஆகஸ்டில் அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். அக்காவுக்கு மாச்சு பிச்சுகூட இரண்டாம்பட்சம், பென்குயின் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தெற்கிலிருந்து வருகிற ஹம்போல்ட் குளிர்நீரோட்டம் இந்தக் கடலை ஜில்லென்று வைத்திருக்கிறது, அதனால் நெத்திலி கூட்டம் கூட்டமாகச் சேருகிறது, அதைத் தின்னப் பறவைகளும் கடற்சிங்கங்களும் வருகின்றன, அதனால்தான் பூமத்திய ரேகையிலிருந்து 14 டிகிரிக்குள்ளேயே பென்குயின் வாழ முடிகிறது என்றெல்லாம் ஊரிலேயே படித்துவிட்டு வந்து எனக்கே வகுப்பெடுத்தாள். பராக்காஸுக்கு எதிரே இருக்கும் பயேஸ்தாஸ் தீவுகளில்தான் அந்தப் பென்குயின்கள். தீவில் யாரும் இறங்கக் கூடாது, படகில் சுற்றி வந்து பார்ப்பதோடு சரி, மொத்தம் சுமார் இரண்டு மணி நேரம்.

லிமாவின் மிராஃப்ளோரஸ் பகுதியில் ஒரு ஏஜென்சிக்குப் போனோம். ஆளுக்கு 230 சோல் (பெருவின் நாணயம்). படகு, ஒரு மணி நேரம் மணல்மேட்டில் பக்கி சவாரி, மணல் சறுக்கு, ஆங்கிலமும் பேசும் கைடு, பாலைவனத்தில் சூரிய அஸ்தமனம், காலையில் ஹோட்டல் வாசலில் ஏற்றி இரவு அதே வாசலில் இறக்கிவிடுவது, எல்லாம் சேர்த்து. நுழைவுக் கட்டணமும் இதிலேயே வருமா என்று நான் தனியாகக் கேட்டேன். எல்லாம் அடக்கம் என்று அந்தப் பெண் புன்னகையோடு சொன்னார். அதை ரசீதில் எழுதி வாங்காமல் வந்தது என் முட்டாள்தனம். படகு எத்தனை மணிக்கு என்று கேட்காமல் வந்தது அதைவிடப் பெரிய முட்டாள்தனம், அது பிறகுதான் புரிந்தது.

காலை 4.30க்கு வண்டி என்றார்கள். ஆகஸ்ட் மாத லிமா, பனியும் தூறலுமாக இருட்டில் ஹோட்டல் வாசலில் நின்றோம். வண்டி வந்தது 5.20க்கு. வந்ததும் கிளம்பினால் பரவாயில்லை, அதற்கப்புறம் இன்னும் ஏழெட்டு ஹோட்டல் சுற்றி ஆள் ஏற்றி, நகரத்தை விட்டு வெளியே வரும்போது மணி ஆறே கால். பராக்காஸ் அங்கிருந்து ஏறக்குறைய 250 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது, வழியில் நிற்காமல் போனாலே மூன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. இவர்கள் நடுவில் ஒரு சாலையோர உணவகத்தில் நாற்பது நிமிடம் நிறுத்தினார்கள், அங்கே டிரைவருக்கும் கைடுக்கும் மட்டும் தட்டு நிறைய சாப்பாடு தானாக வந்தது. சரி, அது உலகம் பூரா நடக்கிறதுதான்.

மறுபடி ஏறியதும் கைடு எழுந்து, இயற்கைக் காப்பக நுழைவுக் கட்டணத்தையும் படகுத்துறைக் கட்டணத்தையும் ஆளாளுக்குக் காசாகக் கொடுங்கள் என்றார். ரசீதைக் காட்டி, எல்லாம் அடக்கம் என்று ஏஜென்சியில் சொன்னார்களே என்றேன். ‘அது ஏஜென்சி சொன்னது, நாங்கள் வேறு’ என்றார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. பக்கத்து இருக்கைகளில் விசாரித்தால் ஒரே பஸ்ஸில் ஆறு ஏஜென்சிகளின் ரசீது. ஒருவர் 140 சோல் கொடுத்திருக்கிறார், ஒரு ஜோடி ஆளுக்கு 310 கொடுத்திருக்கிறது. எல்லாருக்கும் அதே பஸ், அதே கைடு, அதே வெந்நீர்க் காபி. கடையில் உட்கார்ந்து விற்பவர் வேறு, ஓட்டுபவர் வேறு, நடுவில் யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. எந்த ஏஜென்சி என்று கேட்டு எனக்குச் செய்தி அனுப்புகிறவர்களுக்கும் இதுதான் பதில். பெயர் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, அடுத்த கடையில் வாங்கினாலும் நீங்கள் ஏறப்போவது இதே பஸ்ஸாக இருக்கலாம்.

பராக்காஸில் எல் சாக்கோ படகுத்துறைக்கு வந்து சேர்ந்தபோது 10.35. கைடு எங்களை வெயிலில் நிற்க வைத்துவிட்டு எங்கேயோ போய்த் திரும்பி வந்து, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, ‘துறைமுகம் மூடிவிட்டார்கள், அலை அதிகம், கப்பற்படை உத்தரவு, நம் கையில் இல்லை’ என்றார்.

இந்தப் பொய் ஏன் கெட்டிக்காரத்தனமான பொய் என்று சொல்லிவிடுகிறேன். பராக்காஸில் துறைமுகம் மூடுவது நிஜமாகவே நடக்கிற விஷயம். ஊர்ப் பெயருக்கே பூர்வகுடிகளின் கெச்சுவா மொழியில் மணல் மழை என்று பொருள் சொல்வார்கள், அப்படி ஒரு காற்று, குறிப்பாக ஆகஸ்ட் மாதம். அலை மோசமாக இருந்தால் கடற்படையின் துறைமுக அதிகாரி படகுகளை விடமாட்டார், விடவும் கூடாது. அப்படி மூடினால் அது இயற்கையின் செயல், டூர்காரர் பணம் திருப்பித் தர வேண்டியதில்லை என்று ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது. பஸ் தாமதமாக வந்து படகைத் தவறவிட்டால்? அது அவர்கள் தப்பு. ஆக ‘தவறவிட்டோம்’ என்ற வார்த்தையை ‘மூடிவிட்டார்கள்’ என்று மாற்றினால் நாற்பது பேருடைய படகுக் காசு மிச்சம்.

அத்தான் என்னைத் தோளில் தட்டி, ‘மாப்பிள்ளை, கடல் மூடியிருக்குன்னா அவங்க எங்க போறாங்க?’ என்றார். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு முப்பது பேர் வரிசையாகத் துறையில் நடந்து படகில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

நேராகத் துறை வாசலில் இருந்த சீட்டு சரிபார்க்கும் ஆளிடம் போனேன். என் ஸ்பானிஷ் அரைகுறைதான், இதற்குப் போதும். இன்று மூடியிருக்கிறதா என்றேன். சிரித்தார். காலை எட்டு மணியிலிருந்து படகு போகிறது, உங்கள் கூட்டத்துக்குப் பத்து மணிப் படகு, அது போய்விட்டது, இது நிறைந்துவிட்டது, இதற்கு மேல் காற்று எழும்பும் போலிருக்கிறது, அடுத்தது போகுமா என்று தெரியாது என்றார். அவர் பேசப் பேசவே நான் மொபைலில் படகையும், சுவரில் இருந்த கடிகாரத்தையும் சேர்த்து நாலைந்து படம் எடுத்துக்கொண்டேன். இதை மறக்காமல் செய்யுங்கள், பின்னால் எனக்குக் கைகொடுத்தது இது ஒன்றுதான்.

திரும்பி வந்து கைடிடம் கேட்டேன். ‘சாலையில் போக்குவரத்து நெரிசல், அதுவும் நம் கையில் இல்லாததுதான்’ என்றார், கண் சிமிட்டாமல். சத்தம் போட்டோம், இரண்டு பிரெஞ்சுப் பெண்கள் எங்களைவிட நன்றாகச் சத்தம் போட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. பஸ் கிளம்பாவிட்டால் பாலைவனமும் போய்விடும் என்றார், எல்லாரும் அடங்கிவிட்டோம். அன்று முழுக்க அவர் கையிலிருந்த ஆயுதம் இந்த ஒரு வாக்கியம்தான்.

படகுக்குப் பதிலாக என்று பராக்காஸ் தேசியக் காப்பகத்துக்குள் பஸ்ஸில் ஒரு சுற்று. 1975இல் அறிவிக்கப்பட்ட காப்பகம், பாதிக்கு மேல் கடல்தான், உண்மையில் ஒருநாள் முழுக்கத் தங்கிப் பார்க்க வேண்டிய இடம். எங்களுக்குக் கிடைத்தது ஐம்பது நிமிடம். சிவப்பு மணல் கடற்கரையில் பத்து நிமிடம். அப்புறம் ‘கதீட்ரல்’ என்ற பாறை வளைவைப் பார்க்க நிறுத்தினார்கள், அந்த வளைவோ 2007 ஆகஸ்ட் 15 பூகம்பத்திலேயே இடிந்து விழுந்துவிட்டது, இப்போது கடலில் ஒரு பாறை நிற்கிறது. தூரத்தில் விரிகுடா ஓரமாக இளஞ்சிவப்பாகப் புள்ளிகள் தெரிந்தன, பூநாரை என்றார் கைடு. அக்கா பைனாகுலரை எடுப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. ‘விடுடா தம்பி’ என்றாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

இப்படி நேரமில்லை நேரமில்லை என்று விரட்டியவர்கள், இக்கா நகரத்தில் ஒரு பிஸ்கோ (திராட்சையிலிருந்து காய்ச்சும் மது) ஆலையில் எங்களை எழுபது நிமிடம் உட்கார வைத்தார்கள். நான் கடிகாரம் பார்த்துச் சொல்கிறேன், எழுபது. திராட்சையை எப்படி மிதிக்கிறார்கள் என்று பத்து நிமிடம் காட்டிவிட்டு, மீதி ஒரு மணி நேரம் சின்னச் சின்னக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே கடைக்குள் நகர்த்துகிறார்கள். அந்தக் கடையில் போகும் ஒவ்வொரு பாட்டிலுக்கும் கைடுக்குக் கமிஷன் என்று பில் போடும் பையனே சொன்னான். அன்றைய பொழுதில் அத்தானுக்கு மட்டும் பிடித்த இடம் இது, இரண்டு பாட்டில் வாங்கினார், அதற்காக அக்காவிடம் வீடு வரைக்கும் திட்டு வாங்கினார்.

வாக்காச்சினா போனபோது மணி நாலேகால். இக்கா நகரத்திலிருந்து ஐந்தே கிலோமீட்டர், நாலு பக்கமும் மணல்மலை, நடுவில் ஒரு குளம், சுற்றிப் பனைமரங்கள். பெருவின் பழைய 50 சோல் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கிற இடம். நிலத்தடி நீர் இறங்கிப் போனதால் இப்போது குளத்துக்கு வெளியிலிருந்து தண்ணீர் விடுகிறார்கள், அது வேறு சோகம். மணல்மேட்டுக்குள் நுழையத் தனியாக ஒரு கட்டணம், அதையும் கொடுத்தோம்.

இங்கேதான் நான் நிஜமாகப் பயந்தேன். பக்கி என்றால் குழாய்க் கூண்டு வைத்த திறந்த வண்டி, செங்குத்தான மணல் சரிவில் தலைகீழாக இறக்குவார்கள், வயிறு வாய்க்கு வந்துவிடும், அதுதான் அதன் ருசி. ஆனால் அக்கா உட்கார்ந்த இருக்கையின் பெல்ட்டில் கொக்கி உடைந்திருந்தது. டிரைவரிடம் காட்டினேன். கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்! நான் இறங்கி வண்டிக்கு முன்னால் நின்றுவிட்டேன். ஐந்து நிமிடம் முறைத்துவிட்டு வேறு வண்டியில் இடம் கொடுத்தார். தயவுசெய்து ஏறியதும் பெல்ட்டை இழுத்துப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள், அது கவிழ்கிற வண்டி.

ஒரு மணி நேரம் என்ற சவாரி முப்பத்தைந்து நிமிடம். அதற்குள்ளேயே மணல் சறுக்கும். பலகையின் அடியில் மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்துக் கொடுப்பார்கள், குப்புறப் படுத்து, முழங்கையை உள்ளே மடக்கி, காலை பிரேக் மாதிரி வைத்துக்கொண்டு வழுக்க வேண்டும். இரண்டு சரிவு இறங்கினோம், சொல்லப்போனால் அது பிரமாதமாக இருந்தது, அக்கா சின்னப்பிள்ளை மாதிரி கத்திக்கொண்டு போனாள். மூன்றாவதற்கு ஏறும்போது வண்டியை எடுத்துவிட்டார்கள். சூரிய அஸ்தமனம்? ஆகஸ்டில் அங்கே ஆறு மணியை ஒட்டித்தான் சூரியன் மறையும். எங்களை ஐந்து மணிக்குக் கீழே இறக்கிவிட்டு, அதே பக்கியில் அடுத்த கூட்டத்தை அஸ்தமனத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். கீழே நின்று பார்த்தோம்.

லிமா திரும்பியது இரவு 11.40க்கு. ஹோட்டல் வாசல் என்று ரசீதில் இருந்தது, எல்லாரையும் கென்னடி பூங்கா அருகே மொத்தமாக இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். பத்தொன்பது மணி நேரத்தில் ஒரு பென்குயின்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் ஏஜென்சிக்குப் போனால் எதிர்பார்த்ததுதான். ‘நாங்கள் விற்றதோடு சரி, நடத்தியவர்களிடம் கேளுங்கள்.’ பெருவில் இருப்பவர்களுக்கும் வருபவர்களுக்கும் இது முக்கியம்: 2010இல் வந்த 29571ஆம் எண் நுகர்வோர் சட்டப்படி, மக்களுக்கு எதையாவது விற்கும் கடை ஒவ்வொன்றும் ‘லிப்ரோ தே ரெக்லமாசியோனெஸ்’ என்ற புகார்ப் புத்தகம் வைத்திருக்க வேண்டும், அதற்கான அறிவிப்பும் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். புத்தகம் கேட்டேன். தலைமை அலுவலகத்தில் இருக்கிறது என்றார்கள். சரி, இந்தெகோப்பியிடம் அதையே சொல்கிறேன் என்று சொன்னதும் மேஜைக்கு அடியிலிருந்து வந்தது. இந்தெகோப்பி என்பது அங்கே நுகர்வோர் விவகாரத்தைப் பார்க்கிற அரசு அமைப்பு, அந்தப் பெயருக்குக் கடைக்காரர்கள் பயப்படுகிறார்கள்.

படிவத்தில் இரண்டு கட்டம் இருக்கும். ‘ரெக்லாமோ’ என்றால் வாங்கிய பொருளிலோ சேவையிலோ குறை, ‘கேஹா’ என்றால் நடத்திய விதம் சரியில்லை என்ற மனக்குறை. அந்தப் பெண் எனக்கு உதவுவதுபோல ‘கேஹா’வில் டிக் போடச் சொன்னார். போடவில்லை. ரெக்லாமோ போட்டு, கிடைக்காததை நேரத்தோடு வரிசையாக எழுதி, படங்களின் பிரதியை இணைத்து, எனக்கான நகலைக் கிழித்து வாங்கிக்கொண்டேன். 15 வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். பதினான்காம் நாள் மின்னஞ்சல் வந்தது, ‘நல்லெண்ண அடிப்படையில்’ ஆளுக்கு 85 சோல். படகுக்கான காசு. பக்கிக்கும் அஸ்தமனத்துக்கும் ஒன்றும் இல்லை, நான் மேற்கொண்டு போகவில்லை, அக்காவும் அத்தானும் அதற்குள் ஊருக்குப் போய்விட்டார்கள்.

செப்டம்பரில் நான் தனியாகப் போனேன். வெள்ளி மதியம் சாதாரண பஸ், எல் சாக்கோவில் ஒரு சின்ன விடுதியில் இரவு, சனி காலை துறையிலேயே டிக்கெட் வாங்கி எட்டு மணிப் படகு. காலையில் கடல் தட்டு மாதிரி இருந்தது. இடது பக்கம் உட்காருங்கள், போகிற வழியில் மணல்சரிவில் வெட்டிய ‘கண்டெலாப்ரோ’ (கிளை விளக்குத் தண்டு) உருவம், ஏறக்குறைய 180 மீட்டர் உயரம், அந்தப் பக்கம்தான் தெரிகிறது. தீவை நெருங்கும்போது முதலில் வருவது நாற்றம், அத்தனை வருஷத்துப் பறவை எச்சம். அப்புறம் சத்தம், கடற்சிங்கங்கள் போடும் கூப்பாடு. கூழைக்கடாக்கள், நீர்க்காகங்கள், பாறை தெரியாத அளவுக்கு. ஒரு மேட்டில் வரிசையாகப் பதினோரு ஹம்போல்ட் பென்குயின்கள், கல்யாணத்துக்கு வந்துவிட்டுப் பந்திக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி.

நாலு நிமிட வீடியோ எடுத்து, கரைக்கு வந்ததும் அக்காவுக்கு அனுப்பினேன். ஊரில் அப்போது இரவு ஒன்பது மணி இருக்கும், உடனே பார்த்துவிட்டாள். பதில் மட்டும் அரை மணி நேரம் கழித்து வந்தது.

‘நீ மட்டும் போயிட்டியா?’