ஒரே இயந்திரம், இரண்டு வணிகர்கள்: க்னூப்பா, மிட்சுயியா?

நூற்பு இயந்திரங்களை வெளிநாடுகளுக்கு விற்கக் கூடாது என்ற தடையை பிரிட்டன் 1843-இல் விலக்கிக்கொண்டது. ஆனால் இயந்திரம் வந்து இறங்கிவிட்டால் ஆலை ஓடிவிடுமா? கட்டடம் எப்படி இருக்கணும், யார் பூட்டுவார்கள், பணத்துக்கு எங்கே போவது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் வைத்திருந்தவை வணிக நிறுவனங்கள்தான். ரஷ்யாவில் லுட்விக் க்னூப், ஜப்பானில் மிட்சுயி புஸ்ஸான். இருவரும் இங்கிலாந்தின் ஓல்டம் நகரத்தில் இருந்த பிளாட் பிரதர்ஸ் நிறுவனத்தின் இயந்திரங்களைத்தான் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்த விதம்தான் வேறு.

க்னூப் ஜெர்மனியின் பிரெமனில் பிறந்தவர், மான்செஸ்டர் வணிக நிறுவனம் ஒன்றின் ஆளாக மாஸ்கோவுக்கு வந்தவர். 1847-இல் மொரோசோவ் ஆலைக்கு இயந்திரம் தருவித்துப் பெயர் வாங்கினார். அவரிடம் போனால் கட்டட வரைபடம், நீராவி எஞ்சின், ஆங்கிலேய மேஸ்திரி, கடன் என எல்லாமே ஒரே கையிலிருந்து வரும். பதிலுக்குப் பல ஆலைகளில் பங்கு எடுத்துக்கொள்வார். "தேவாலயம் என்றால் பாதிரியார், ஆலை என்றால் க்னூப்" என்று ஒரு சொலவடையே புழங்கியது. கையில் முன்னனுபவம் இல்லாத முதலாளிக்கு இது பெரிய வரம். வேகமும் கிடைத்தது. ஆனால் எந்த இயந்திரம், யார் நடத்துவது என்ற முடிவுகளில் பெரும்பகுதி விற்பவர் கைக்குப் போய்விட்டது.

1876-இல் தொடங்கிய மிட்சுயியின் கதையில் வாங்குபவர் பக்கமும் ஒரு தேர்ந்த ஆள் இருந்தார். ஒசாகா நூற்பாலைக்காக அதை நிறுவிய தொழிலதிபர் ஷிபுசாவா எய்ச்சி, லண்டனில் வேறு படிப்பிலிருந்த யாமனோபே தாகேயோவை நூற்புத் தொழில் கற்கச் சொன்னார். யாமனோபே இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரத்து ஆலையில் இறங்கி வேலை பழகினார். 1883-இல் 10,500 கதிர்களோடு (நூலை முறுக்கிச் சுற்றும் தண்டுகள்) ஒசாகா ஆலை ஓடத் தொடங்கியது. தேர்ச்சி பெற்ற ஆண் தொழிலாளி தேவைப்பட்ட மியூல் என்ற வகை நூற்பு இயந்திரத்தை விட்டுவிட்டு, எளிதில் பழகிக்கொள்ளக்கூடிய ரிங் என்ற வகைக்கு 1880-களின் பிற்பகுதியிலிருந்து ஜப்பானிய ஆலைகள் மாறின. கேட்ட இயந்திரத்தை மிட்சுயி தருவித்தது. அப்புறம் பஞ்சு வாங்குவதும் நூல் விற்பதும்கூட அதே நிறுவனத்தின் வேலையானது.

என் ஓட்டு மிட்சுயி வழிக்கே. அவர்கள் நல்லவர்கள் என்பதற்காக அல்ல, தரகர் சொல்வதைச் சரிபார்க்க வாங்குபவரிடம் ஒரு யாமனோபே இருந்ததால். பின்னாளில் வாங்கும் நாடே விற்கவும் தொடங்கியது: ஜப்பானிய நிறுவனமான டொயோடாவின் தறிகளையும் மிட்சுயி விற்றது. 1929-இல் பிளாட் பிரதர்ஸே டொயோடாவின் தானியங்கித் தறிக்கான உரிமையை 1,00,000 பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டு வாங்கியது.