காரணத்தை அறிவதா, செயலை அறிவதா?

கரியமில வாயு வெப்பத்தை எவ்வாறு தேக்கிவைக்கிறது என்று அறிவது ஒரு வகைச் சூழலறிவு. எந்தப் பழக்கத்தை மாற்றினால் எவ்வளவு பயன் விளையும் என்று அறிவது மற்றொரு வகை; இதைச் செயலறிவு எனலாம். முன்னது தேர்வில் மதிப்பெண் பெற்றுத் தரும். ஆனால் ஃபிரிக், கைசர், வில்சன் ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், அது சூழலைக் காக்கும் நடத்தையை நேரடியாக அன்றி, பின்னதன் வழியாகவே தொட்டது. அதற்கு முன்னரே, 128 ஆய்வுகளைத் தொகுத்து 1987இல் வெளிவந்த பகுப்பாய்வு, அறிவுக்கும் நடத்தைக்கும் இடையிலான ஒட்டுறவை (0 எனில் தொடர்பில்லை, 1 எனில் முழுத் தொடர்பு) ஏறத்தாழ 0.30 எனக் கணித்திருந்தது, மிதமான தொடர்புதான்.

செயலறிவும் பிழைபடலாம்: விளக்கை அணைப்பதில் கண்ணாயிருப்போர் (நானும்தான்), பன்மடங்கு மின்சாரம் இழுக்கும் நீர்சூடேற்றியை மறந்துவிடுகிறோம். எனினும் ஒன்றை மட்டுமே கற்பிக்க இயலுமெனில், காரணம் அறியாதவருக்கு அது வெறும் கட்டளையாகத் தோன்றக்கூடும் என்ற குறையையும் ஏற்றுக்கொண்டு, செயலறிவையே தேர்ந்தெடுப்பேன்.