எஸ்சிரூட்டோடு மூன்றரை வருஷம்: மிச்சம் கிடந்த செஷன்களைக் கூட்டித் தள்ளிய கதை

காரைக்குடியில் எங்கள் ஆபீஸ் ஒரு பழைய நகரத்தார் வீட்டின் முகப்புப் பக்கம் இருக்கிறது. கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்கிறோம். வாடிக்கையாளர்கள் மளிகைக் கடை, பலகாரக் கடை, ஆத்தங்குடியில் இரண்டு கல் பட்டறை. பாதிப் பேரிடம் இருப்பது பழைய 32 பிட் கம்ப்யூட்டர், மாற்றச் சொன்னால் "ஓடுதுல்ல, அப்புறம் என்ன" என்பார்கள். அதனால் ஒரே நிரலை டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 11ஆம் பதிப்புக்கு 32 பிட்டில் ஒரு தடவை, 12க்கு இரண்டு விதமாக, இப்போது 13க்கு 64 பிட்டில் ஒரு தடவை என்று தனித்தனியாகக் கட்ட, அதாவது பில்ட் பண்ண, வேண்டியிருக்கிறது (13இல் 32 பிட் கணினிக்கான இன்ஸ்டாலரும், இயங்குதளத்தின் மையமான கெர்னலும் நின்றே போயின, அந்தப் புலம்பலைத் தனியாக வைத்துக்கொள்கிறேன்). எல்லாம் ஒரே சர்வரில். 2022 நடுவிலிருந்து இதற்கு எஸ்சிரூட்டைத்தான் பயன்படுத்துகிறேன்.

சிரூட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு எங்கள் ஊர் வழக்கத்தை வைத்தே சொல்லிவிடலாம். இங்கே பிள்ளைக்குக் கல்யாணமானதும் வேறு வைப்பார்கள். கூரை, முற்றம், கிணறு எல்லாம் பொது, அவனுக்கென்று ஓர் அறை, ஓர் அடுப்பு, தனி அரிசி பருப்பு. சிரூட்டும் அப்படித்தான், கெர்னல் பொது, உள்ளே இருக்கும் லைப்ரரிகளும் கம்பைலரும் தனி. யூனிக்ஸில் 1979லிருந்து இருக்கும் சங்கதி. எஸ்சிரூட் இதற்கு மேல் ஒரு மேனேஜர் மாதிரி: ஒரு வேலைக்கு ஒரு செஷன் திறக்கும், மூல டார் கோப்பை (ஒரு முழுச் சூழலையே கட்டிவைத்த மூட்டை) விரித்து வைக்கும், தேவையான இடங்களை உள்ளேயும் தெரியும்படி மவுண்ட் பண்ணும், வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் கலைத்துவிடும்.

கலைக்காவிட்டால்தான் வம்பு. நடுவில் கரண்ட் போனால், யாராவது டெர்மினலை அப்படியே மூடிவிட்டால், பில்டை ஆத்திரத்தில் கில் பண்ணினால், செஷன் அனாதையாக நிற்கும். எங்கள் மூல டார் விரிந்தால் அரை ஜிபிக்குக் கொஞ்சம் கீழே. பில்டுக்குத் தேவையான பொதிகளும் இறங்கிய பிறகு ஒன்றரை ஜிபியைத் தாண்டும். 240 ஜிபி டிஸ்க்கில் இப்படி அறுபது எழுபது கிடந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு 2023 தொடக்கத்தில் ஒரு நாள் காலை 98 சதவீதம் காட்டியது.

அன்றைக்கு நான் செய்ததை யாரும் செய்யாதீர்கள். டிஸ்க் நிறைந்த பதற்றத்தில் எஸ்சிரூட்டின் மவுண்ட் டைரக்டரிக்குள் போனேன், பழைய தேதியில் இருந்த ஒரு செஷன் ஃபோல்டரைப் பார்த்தேன், எல்லா அனுமதியும் உள்ள ரூட் யூசராக, கேள்வி கேட்காமல் மொத்தமாக அழிக்கும் ஆர்எம் மைனஸ் ஆர்எஃப் கட்டளையைப் போட்டேன். முதல் சில நொடி ஒன்றும் இல்லை. பிறகு திரை முழுக்க "அனுமதி இல்லை, அனுமதி இல்லை" என்று வரிகள் ஓட ஆரம்பித்தன, எல்லாம் ப்ராக் டைரக்டரிக்குள்ளே, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை (ப்ராசஸ்) கெர்னல் காட்டும் இடத்துக்குள்ளே, இருக்கும் கோப்புகள். ப்ராக் எப்படி இதற்குள் வந்தது என்று யோசிக்க இரண்டு நொடி ஆயிற்று, கண்ட்ரோல் சி அடிக்க இன்னும் ஒரு நொடி. அதற்குள் ஹோம் டைரக்டரியில் மூன்று பேருடைய கோப்புகளில் இரண்டு பேருடையது போய்விட்டது. அந்த ஃபோல்டருக்குள் ஹோம் என்று இருந்தது நகல் இல்லை, நிஜமான ஹோமேதான், பைண்ட் மவுண்டாக (ஒரே டைரக்டரி இரண்டு இடத்தில் தெரிவது). எஸ்சிரூட்டின் டிஃபால்ட் ப்ரொஃபைலில் ப்ராக், சிஸ், டெவ், ஹோம், டெம்ப் எல்லாமே அப்படித்தான் உள்ளே வருகின்றன. டெவ்விலும் கொஞ்சம் அழிந்திருந்தது, அது ரீபூட்டில் தானாகத் திரும்பிவிட்டது. ஹோம் திரும்புமா? முந்தின இரவு வெளி டிஸ்க்கில் எடுத்த பேக்கப் இருந்ததால் அரை நாள் வேலையோடு தப்பித்தோம்.

வீட்டுக்கார ஆச்சி அந்தப் பக்கம் வந்தவர், "என்னப்பா, ஆளுக்கொரு பக்கமா இடி விழுந்த மாதிரி உக்காந்திருக்கீக" என்று கேட்டார். வேண்டாத ஃபோல்டர் என்று நினைத்து அழித்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். ஆச்சி வளவின் இடது பக்கத்தைக் காட்டினார். அங்கே இரண்டு பூட்டுத் தொங்கும் அறை ஒன்று, நாங்கள் குடிவந்த நாளிலிருந்து திறந்ததே இல்லை. "அது ஆளில்லாத அறைதான். ஆனா பங்காளி அஞ்சு பேரையும் கேக்காம நான் தொட மாட்டேன், உள்ளுக்குள்ள யாரு சாமான் கிடக்குன்னு எனக்கென்ன தெரியும்?" தம்பி ஒருவன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு வந்த பழக்கம் இது. ஃபோல்டரை நேரடியாகத் தொடுவதே இல்லை. திறந்தவன் யாரோ அவனையே மூடச் சொல்வது, அதாவது எஸ்சிரூட்டிடமே எல்லா செஷன்களையும் பட்டியல் போடச் சொல்லி, ஒவ்வொன்றாக எண்ட் செஷன் கொடுப்பது. பத்தில் எட்டு இதிலேயே முடிந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் முடிக்கவும் வழி இருக்கிறது, ஆனால் பக்கத்து மேஜையில் தம்பியின் பில்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப் போட்டு நான் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக் கதை.

மீதி இரண்டில்தான் நேரம் போகும். "டிவைஸ் பிஸி" என்று முரண்டு பிடிக்கும். அப்படியென்றால் உள்ளே ஏதோ ப்ராசஸ் உயிரோடு இருக்கிறது. ப்ராக்கில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ரூட் என்று ஓர் இணைப்பு இருக்கும், அது எந்த டைரக்டரியைக் காட்டுகிறது என்று பார்த்தால் ஆள் அகப்பட்டுவிடும். என் அனுபவத்தில் பெரும்பாலும் பின்னணியில் ஓடும் ஜிபிஜி ஏஜெண்ட், இல்லாவிட்டால் டிபஸ், ஒரு தடவை ஒரு டேட்டாபேஸ் சர்வரே உள்ளே உட்கார்ந்து நான்கு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது! பொதியை நிறுவும்போது அதுவாகவே சர்வீஸைத் தொடங்கிவிட்டிருக்கிறது. இதைத் தடுக்க பாலிசி ஆர்சி டி என்று ஒரு குட்டி ஸ்கிரிப்ட்டை மூல டாருக்குள் வைத்து 101 என்ற எண்ணோடு வெளியேறச் சொன்னால் போதும், உள்ளே எந்த சர்வீஸும் தொடங்காது. இது தெரிய எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

சில பேர் பிஸி என்றதும் சோம்பேறி அன்மவுண்ட் போடச் சொல்வார்கள், மைனஸ் எல். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பட்டியலிலிருந்து மவுண்ட் மறையும், ப்ராசஸ் போகாது, இடமும் திரும்பாது, டிஸ்க் இடத்துக்கு டியூ கட்டளை ஒரு கணக்கும் டிஎஃப் கட்டளை வேறு கணக்கும் சொல்லும். அப்புறம் அழித்த கோப்பை யார் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எல்எஸ்ஓஎஃப் வைத்துத் தேட வேண்டும். ஆளை முதலில் வெளியேற்றிவிட்டு, ஃபைண்ட்மவுண்ட் கட்டளை காட்டும் மவுண்ட் மரத்தில் கடைசிக் கிளையிலிருந்து மேலே வருவதுதான் நிதானமான வழி. எல்லாம் இறங்கியது உறுதியான பிறகு விரித்து வைத்த இடத்தில் மிச்சம் இருந்தால் ஆர்எம், அதுவும் ஒன் ஃபைல் சிஸ்டம் என்ற விருப்பத்தோடு மட்டும். அந்த விருப்பம் வேறு டிஸ்க்கில் இருப்பதைத் தொடாது. ஆனால் ஹோமும் ரூட் டைரக்டரியும் ஒரே பார்ட்டிஷனில் இருந்தால் பைண்ட் மவுண்டை அது காப்பாற்றும் என்று நம்பி உட்காரக் கூடாது. நான் ஹோமைத் தனிப் பார்ட்டிஷனுக்கு மாற்றியதும், பில்ட் செஷன்களை ஹோமை உள்ளே கொண்டுவராத எஸ்பில்ட் (டெபியன் பொதிகளைக் கட்டும் கருவி) ப்ரொஃபைலுக்கு மாற்றியதும் இதனால்தான். முதல் நாளே மாற்றியிருக்க வேண்டியது.

இன்னொன்று, ரீபூட். ஒவ்வொரு மாதமும் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துவார்கள், யூபிஎஸ் ஒரு மணி நேரம்தான் தாங்கும். ரீபூட் ஆனால் மிச்சமெல்லாம் தொலையும் என்று நினைத்திருந்தேன். தொலையவில்லை, பூட் ஆகும்போது பழைய செஷன்களை முடிப்பதா மீட்பதா என்று எஸ்சிரூட்டில் ஒரு செட்டிங் இருக்கிறது, இயல்பாக முடிப்பதுதான், எங்கள் சர்வரில் மீட்கும்படி வைத்திருந்தது. செத்த செஷன்கள் மாதாமாதம் மவுண்டோடு எழுந்து வந்துகொண்டிருந்தன. யார் மாற்றியது என்று விசாரித்ததில் மாற்றியவன் நான்தான் என்று தெரிந்தது.

2025 செப்டம்பரில் சர்வரை டெபியன் 13க்கு ஏற்றியபோது எஸ்பில்டை அன்ஷேர் முறைக்கு மாற்றினேன். இதில் எஸ்சிரூட்டே தேவையில்லை, ரூட் அனுமதியும் வேண்டாம், தனி நேம்ஸ்பேஸில், அதாவது கெர்னல் ஒதுக்கித் தரும் தனித் தடுப்புக்குள், வேலை நடக்கும், கடைசி ப்ராசஸ் செத்தால் மவுண்டுகளும் கூடவே மறைந்துவிடும். ஆறு மாதம் ஓட்டிய பிறகு சொல்கிறேன், அனாதை மவுண்ட் தொல்லை அடியோடு போய்விட்டது. ஆனால் கில் பண்ணினால் விரித்த ஃபோல்டர் மட்டும் நிற்கும், அதன் உரிமையாளர் லட்சத்துக்கு மேல் எண் கொண்ட ஏதோ ஒரு யூசர், சாதாரணமாக அழிக்க முடியாது. அத்தோடு 13இல் டெம்ப் டைரக்டரி இயல்பாகவே மெமரியில் இருக்கிறது, பெரிய பில்ட் ஒன்று பாதியில் இடமில்லாமல் விழுந்தது. தற்காலிக இடத்தை டிஸ்க்குக்கு மாற்றினேன், சரியாயிற்று.

எஸ்சிரூட்டை முழுக்கக் கைவிடவில்லை. 11இன் 32 பிட் சூழலில் கையால் உள்ளே போய் நோண்டுவதற்கு அதுதான் இன்னும் வசதி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸைப் பூட்டும் முன் பட்டியல் எடுத்துப் பார்ப்பேன், பெரும்பாலும் காலி. ஒன்றே ஒன்று மட்டும் 2024 ஜனவரியிலிருந்து நிற்கிறது, பெயர் "சோதனை2-தொடாதே". பெயர் வைத்தது நான்தான், ஏன் தொடக் கூடாது என்பது மறந்துவிட்டது. தம்பி போன வாரமும் கேட்டான், "அண்ணே, இதை எடுத்துரவா?" 1.3 ஜிபிதான், இருக்கட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.