ஜாப் கார்டைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்: என் புது மின்சாரக் கார் அனுபவம்

பெங்களூரில் மின்சாரக் கார் வாங்கப் போகிறவர்கள், வாங்கி இன்னும் சில மாதம்கூட ஆகாதவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கம்பெனியின் பெயரையும் ஷோரூமின் பெயரையும் நான் எழுதவில்லை. புது வண்டி திரும்பத் திரும்பப் பழுதாகி நின்றதால் வழக்கு நடக்கிறது, பெயர் வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. என்னை எப்படி அலையவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டால் போதும், எந்தக் கம்பெனி வண்டிக்கும் அது உதவும்.

வீடு அல்சூர், வேலை பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில். போக வர 50 கிலோமீட்டர். பழைய பெட்ரோல் காருக்கு மாதம் எட்டாயிரம் ரூபாய் எண்ணெய்க்கே போனது. அதனால்தான் மின்சாரக் கார் என்று முடிவெடுத்தோம். ரோட்டில் இறக்க 16 லட்சத்து 80 ஆயிரம் ஆனது. அதில் 12 லட்சம் கடன், மாதத் தவணை 24,900.

போன ஆயுத பூஜை அன்று டெலிவரி எடுத்தோம். அன்றைக்கு ஷோரூம் வாசலில் மாலை போட்ட வண்டிகள் வரிசையாக நின்றன. ஒருவருக்கு எலுமிச்சை வைத்து நகர்த்தியதும் அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். பச்சை நம்பர் பிளேட்டைப் பார்த்த சந்தோஷத்தில் நானும் எதையும் பரிசோதிக்கவில்லை. ஆர்.சி. கைக்கு வந்த பிறகுதான் தயாரித்த மாதத்தைக் கவனித்தேன். ஏழு மாதமாக யார்டில் நின்ற வண்டி அது. டெலிவரிக்கு முன்பே ஃபாரம் 22ஐ, அதாவது வண்டிக்குத் தயாரிப்பாளர் தரும் சான்றிதழை, கேட்டு வாங்கிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நீங்கள் கேளுங்கள். நல்ல நாள், நேரம் பார்த்து டெலிவரி எடுங்கள், ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே போய் வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள்.

பத்தொன்பதாம் நாள் காலையில் வண்டி ஆன் ஆகவில்லை. முந்தின நாள் இரவு 78 சதவீதம் சார்ஜ் காட்டியது, காலையில் திரை கறுப்பாக இருந்தது. ரிமோட்டுக்குக் கதவுகூடத் திறக்கவில்லை. சாவிக்குள் இருக்கும் சின்ன இரும்புச் சாவியை உருவித்தான் திறந்தேன்.

இதற்கான காரணத்தை எங்கள் தொழிற்சாலை எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் புரியவைத்தார். வண்டியை ஓட்டுவது தரைக்கு அடியில் இருக்கும் முந்நூறு நானூறு வோல்ட் பெரிய பேட்டரி. ஆனால் அந்தப் பேட்டரியை வண்டியோடு இணைக்கும் சுவிட்சுகளை, காண்டாக்டர் என்கிறார்கள், இழுத்து மூடுவதற்குச் சாதாரணக் காரில் இருக்கிற மாதிரி ஒரு 12 வோல்ட் பேட்டரி வேண்டும். கதவுப் பூட்டு, திரை, விளக்கு, பிரேக் கம்ப்யூட்டர் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. அந்தச் சின்ன பேட்டரிக்குப் பெரியதிலிருந்து மின்சாரத்தை இறக்கிக் கொடுப்பது டிசி-டிசி கன்வெர்ட்டர். அது பழுதானால் பெரிய பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தும் வண்டி நகராது. "தொட்டி நிறையத் தண்ணி இருந்தாலும் குழாயைத் திறக்க ஆள் வேணும்ல, அந்த மாதிரிம்மா" என்றார் அண்ணன். இதை ஷோரூமில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் "சாஃப்ட்வேர் மேடம்" என்ற ஒரே பதில்தான்.

முதல் முறை வண்டியை வேறு பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்து, ஜம்ப் ஸ்டார்ட் செய்து எடுத்துப் போனார்கள், இரண்டு நாளில் திருப்பித் தந்தார்கள். மறுநாள் போன் வந்தது. "அக்கா, கம்பெனியிலிருந்து ஃபீட்பேக் கால் வரும். பத்துக்குப் பத்து கொடுத்துருங்க, இல்லைன்னா எங்க சம்பளத்துல கை வைப்பாங்க." பேசியது சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கும் ஓசூர்ப் பையன், தமிழில் பேசினான், பாவமாக இருந்தது. கொடுத்தேன். அந்தப் பத்துதான் பிறகு கம்பெனியின் பதில் நோட்டீசில் வந்து உட்கார்ந்தது: "வாடிக்கையாளர் எங்கள் சேவையில் முழுத் திருப்தி தெரிவித்துள்ளார்." அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இனி யார் கெஞ்சினாலும் பிரச்சினை தீர்ந்து ஒரு மாதம் ஓட்டிப் பார்க்காமல் நான் மார்க் போட மாட்டேன். நீங்களும் போடாதீர்கள்.

இரண்டாவது முறையும் வீட்டு வாசலிலேயே நின்றது. இடையில் ஃபாஸ்ட் சார்ஜிங்கிலும் தொல்லை. பத்து நிமிடத்தில் தானாக நின்றுவிடும். சார்ஜர்தான் சரியில்லை என்றார்கள். மூன்று வேறு இடங்களில் போட்டுப் பார்த்து, மூன்று ரசீதையும் எடுத்து வைத்தேன். ஒரு இடத்தில் அதே சார்ஜர் கன்னில் எனக்கு அடுத்து வந்த வண்டி ஒழுங்காக ஏறியது, அதை வீடியோ எடுத்தேன். அதைக் காட்டியபோது மேனேஜர் என் கணவரைப் பார்த்து, "சார், நீங்க ஒருநாள் ஓட்டிப் பாருங்களேன்" என்றார். வண்டி என் பெயரில் இருக்கிறது, தவணை என் சம்பளத்தில் போகிறது, தினமும் ஓட்டுவது நான். அங்கே போகும்போதெல்லாம் "சார் வரலையா மேடம்?" என்ற கேள்வியைத் தாண்டித்தான் பேச வேண்டியிருந்தது.

மூன்றாவது முறை நடந்ததை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. பிப்ரவரியில் கிருஷ்ணகிரியில் சித்தி பேத்திக்குக் காதுகுத்து. அம்மாவை ஏற்றிக்கொண்டு காலை ஆறரைக்கு பொம்மனஹள்ளியில் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறினேன். ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளப் பாலம். நாலு கிலோமீட்டர் போயிருப்பேன். திரையில் சிவப்பில் ஒரு வரி: மின் அமைப்பில் கோளாறு, வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்தவும். எங்கே நிறுத்துவது? அந்த இடத்தில் ஓரமாக ஒதுங்கி நிற்க இடம் இல்லை. ஏ.சி. நின்றது. 70இல் போன வண்டி 30க்கு இறங்கியது, அப்புறம் பத்து. ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது. இடது சுவரோரம் ஒட்டி நிறுத்தும்போதே திரை அணைந்துவிட்டது. ஹசார்ட் விளக்கு கொஞ்ச நேரம் மினுக்கியது, பிறகு மங்கி, அதுவும் போய்விட்டது.

பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே கடைசி நொடியில் வளைந்து வளைந்து போயின. அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி. இடது பக்கக் கதவு சுவரில் இடித்ததால் ஒருச்சாய்த்துத்தான் இறங்க முடிந்தது. சீர்த்தட்டை மூட வைத்திருந்த சிவப்புத் துணியை அம்மாவே எடுத்துக் கொடுத்தார். வண்டிக்கு முப்பது அடி பின்னால் சுவரை ஒட்டி நின்று அதை நான் ஆட்டிக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் கழித்து டோல் ரோந்து வண்டி வந்து கூம்புகளை வைத்த பிறகுதான் மூச்சு வந்தது. நாலு பேர் சேர்ந்து தள்ளியும் கார் அசையவில்லை. 12 வோல்ட் செத்துவிட்டால் எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக்கை விடுவிக்க முடியாது, சக்கரம் பூட்டியபடியே நிற்கும். கம்பெனியின் ரோட்சைடு உதவி முதலில் அனுப்பியது கயிறு கட்டி இழுக்கிற வண்டியை. சக்கரத்துக்கு அடியில் டிராலி வைத்து ஏற்றும் பிளாட்பெட் வருவதற்கு மேலும் இரண்டு மணி நேரம். உதவிக்குப் போன் போடும்போதே "பிளாட்பெட் வேண்டும், சக்கரம் பூட்டியிருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள்.

அன்று மாலை சர்வீஸ் சென்டரில்தான் எனக்குக் கண் திறந்தது. கணக்குப் பிரிவில் பதினான்கு வருஷமாக வேலை பார்க்கிறேன், வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாயை நகர்த்த விடமாட்டேன். அப்படிப்பட்ட நான், வண்டியை சர்வீசுக்கு விடும்போது நம் புகாரை எழுதிக் கையெழுத்து வாங்கும் ஜாப் கார்டை, முதல் இரண்டு முறையும் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அன்றைக்கு உட்கார்ந்து எடுத்துப் படித்தேன். முதல் கார்டில், வாடிக்கையாளர் புகார் என்ற இடத்தில்: "ஜெனரல் செக்கப்". இரண்டாவதில்: "சாஃப்ட்வேர் அப்டேட் வேண்டி". வண்டி ஆன் ஆகவில்லை என்று ஒரு இடத்திலும் இல்லை. டோ செய்தது திங்கட்கிழமை, கார்டு திறந்த தேதி புதன்கிழமை. வண்டி அவர்களிடம் இருந்த நாட்களில் இரண்டு நாள் காணாமல் போயிருந்தது. கம்பெனியின் கணினியைப் பொறுத்தவரை என் வண்டி அதுவரை ஒருமுறைகூடப் பழுதாகவில்லை!

மூன்றாவது கார்டில் என் புகாரை என் வாயால் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்ய வைத்தேன். "இதெல்லாம் சிஸ்டத்துல ஆப்ஷன் இல்லைக்கா" என்றான் பையன். "அப்போ பிரிண்ட் எடு, பேனாவால எழுதறேன், நீ சீல் போடு" என்றேன். நாள், நேரம், இடம், ஓடோமீட்டர் எண், திரையில் வந்த வாசகம், சார்ஜ் சதவீதம் எல்லாம் எழுதினேன். முக்கால் மணி நேரம் ஆனது. கன்வெர்ட்டரை மாற்றினோம் என்று ஒன்பது நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். திருப்திக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால்தான் கேட் பாஸ் என்றார்கள். "குறை தீர்ந்ததா என்பது ஓட்டிப் பார்த்த பிறகே தெரியும், ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். போட்டோவும் எடுத்துக்கொண்டேன். கேட் பாஸ் கிடைத்தது.

பதினோராவது நாள் மறுபடி நின்றது. இந்தத் தடவை புதுக் காரணம் சொன்னார்கள்: டேஷ்கேமை, ரோட்டைப் படம் பிடிக்கும் கேமராவை, வெளிக் கடையில் மாட்டியிருக்கிறீர்கள், ஒயரிங்கில் கை வைத்ததால் வாரண்டி செல்லாது. அந்த டேஷ்கேமை மாட்டியதே அதே ஷோரூம்தான், டெலிவரி அன்று, 6,500 ரூபாய்க்கு. அந்த பில் என் ஃபைலில் இருந்தது. மேஜையில் வைத்தேன். அதோடு அந்தப் பேச்சை விட்டார்கள். ஆக்சசரிக்குத் தனி பில் வேண்டாம், கேஷ் கொடுங்கள், குறைத்துத் தருகிறோம் என்று அன்றைக்குச் சொன்னார்கள். அப்படிக் குறைத்து வாங்கியிருந்தால் என் கதி என்ன?

ஷோரூமைக் கேட்டால் கம்பெனி ஒப்புதல் தரவில்லை என்பார்கள். கம்பெனியின் எண்ணுக்கு அடித்தால் டீலரிடம் பேசுங்கள் என்பார்கள். 48 மணி நேரத்தில் பதில் என்று எஸ்.எம்.எஸ். வரும், அடுத்து "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று இன்னொன்று வரும். ஆறு புகார் எண்களும் இப்படியே மூடப்பட்டன. ஒவ்வொரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் "தீரவில்லை" என்று அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்பினேன். போனில் பேசியதையும் "இன்று நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்" என்று எழுதி அனுப்பிவிடுவேன்.

அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டேன், தமிழிலேயே பேச முடிந்தது. அவர்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பி வைப்பார்கள், உத்தரவு போட முடியாது. கம்பெனியின் பதிலில் "சரி செய்து தந்துவிட்டோம்" என்று வந்தபோது, அதுவும் ஒரு சாட்சியானது. வக்கீல் நோட்டீசுக்குப் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டோம். இங்கே நிறையப் பேர் பயந்து விட்டுவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். 2019ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே, அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 10 முதல் 20 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். தயாரித்த கம்பெனி, விற்ற டீலர் இரண்டு பேரையும் சேர்த்தே எதிர்த் தரப்பாகப் போடுங்கள், அப்போதுதான் ஒருவரை ஒருவர் கைகாட்டித் தப்பிக்க முடியாது.

ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் திரும்பத் திரும்பப் பழுதாகும் புதுக் காரைத் திருப்பி எடுக்க வைக்கத் தனிச் சட்டங்கள் உண்டு, நம் நாட்டில் அப்படி இல்லை. ஒரு பாகத்தை மாற்றிச் சரி செய்ய முடியும் என்றால் முழு வண்டியையும் மாற்றித் தர உத்தரவு கிடைப்பது கடினம் என்று வக்கீல் முதல் நாளே சொன்னார். உற்பத்திக் குறை என்று நிரூபிக்க வேண்டும். அதற்காக ஆணையம் பொருளைத் தகுந்த பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி அறிக்கை வாங்கலாம். அந்தப் பரிசோதனையையும், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைக் குறிப்புகளைக் கம்பெனி தாக்கல் செய்ய வேண்டும் என்பதையும் கேட்டிருக்கிறோம். மாற்றிய பாகமே பதினோரு நாளில் மறுபடி போனது என்பதுதான் எங்கள் பக்கத்து முக்கியமான வாதம். அதற்கு ஆதாரம் நான் பேனாவால் எழுதிச் சீல் வாங்கிய அந்த மூன்றாவது கார்டும், அதற்கு அடுத்த கார்டும்தான். முதல் இரண்டு கார்டுகளும் இன்றுவரை எங்களுக்கு எதிராகவே பேசுகின்றன.

வண்டி 74 நாளாக அவர்கள் யார்டில் நிற்கிறது. ஐந்தாம் தேதி ஆனால் தவணை போய்விடுகிறது. நான் காலை பஸ்ஸில் போகிறேன். சாந்திநகர் பஸ் நிலையக் கட்டிடத்தில் இருக்கும் ஆணையத்துக்கு இதுவரை மூன்று முறை போயிருக்கிறேன். இரண்டு முறை எதிர்த் தரப்பு வக்கீல் வாய்தா வாங்கினார். அடுத்த முறை பிழைக் குறிப்புகளைக் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அல்சூர், மர்பி டவுன், கே.ஆர்.புரம் பக்கம் யாருக்காவது இதே மாதிரி தொல்லை இருந்தால் சொல்லுங்கள். என் மனுவின் நகலைத் தருகிறேன், அதைப் பார்த்து நீங்களே எழுதிக்கொள்ளலாம். வரும்போது உங்கள் ஜாப் கார்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி எடுத்து வாருங்கள். கையில் இல்லாவிட்டால் நாளைக்கே சர்வீஸ் சென்டருக்குப் போய், சீல் போட்ட நகல் கேட்டு வாங்குங்கள்.