நாலாவது, அஞ்சாவது படிக்கும் பிள்ளைகளுக்கு எந்த இணையதளம்?

சென்னிமலையில் என் வீட்டுத் திண்ணைக்குச் சாயங்காலம் ஏழு பிள்ளைகள் படிக்க வருகிறார்கள். எல்லோரும் நாலாவது, அஞ்சாவது. பாதிப் பேர் வீட்டில் தறி ஓடுகிறது. எங்களிடம் இருப்பது ஒரு பழைய லேப்டாப்பும் என் போனும்தான். "அறிவியலுக்கும் சோசியலுக்கும் எந்த வெப்சைட்டுங்க டீச்சர் காட்டறது?" என்று பெற்றோர் அடிக்கடி கேட்கிறார்கள். நான் பார்ப்பது இரண்டே விஷயம். பிள்ளைக்குத் தமிழில் புரிய வேண்டும். பார்த்து முடித்ததும் எழுந்து போய் எதையாவது செய்துபார்க்க வேண்டும்.

முதலில் எல்லோர் கையிலும் இருப்பது திக்‌ஷா. 2017-ல் மத்திய அரசு தொடங்கிய பாடத் தளம். நம் பாடப்புத்தகத்தில் இருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். 2019-ல் வந்த கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் கிடைக்கின்றன. காய்ச்சலில் நாலு நாள் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும், நாளைக்குப் பரீட்சை என்று நிற்கும் பிள்ளைக்கும் இந்த இரண்டும் போதும். ஆனால் இவை புத்தகத்தில் உள்ளதையே அசையும் படமாகச் சொல்பவை. "ஏனுங்க அப்படி?" என்று கேட்கிற பிள்ளைக்கு வேறு இடம் வேண்டும்.

அறிவியலில் நிஜமான போட்டி அரவிந்த் குப்தாவின் தளத்துக்கும் ஃபெட் தளத்துக்கும்தான்.

அரவிந்த் குப்தா கான்பூர் ஐஐடியில் படித்தவர். தீக்குச்சி, பழைய டப்பா, சைக்கிள் டியூப் என்று தூக்கிப்போடுகிற பொருட்களில் பொம்மை செய்து அறிவியல் சொல்லிக்கொடுப்பவர். 2018-ல் பத்மஸ்ரீ வாங்கினார். அவருடைய சின்னச் சின்னப் படங்களில் பலவற்றுக்குத் தமிழ்க் குரலும் இருக்கிறது. ஸ்ட்ராவில் பீப்பி செய்யும் படத்தை ஒரு நாள் போட்டேன். ஸ்ட்ராவின் ஒரு முனையை நசுக்கி, இரண்டு ஓரத்தையும் சாய்வாகக் கத்தரித்து ஊதினால் சத்தம் வரும். ஊதிக்கொண்டே மறுமுனையைத் துண்டு துண்டாக வெட்டினால் சத்தம் மேலே மேலே போகும். ஒரு நிமிஷத்தில் படம் முடிந்துவிட்டது. பிள்ளைகள் முக்கால் மணி நேரம் ஊதினார்கள். ஒரு பையன் வேலியோரம் இருந்த பப்பாளி மரத்தில் இலைக்காம்பை ஒடித்துவந்து, "இதுலயும் வருதுங்களான்னு பாக்கலாங்க்கா" என்றான். வந்தது. குழலுக்குள் காற்று நிற்கும் நீளம் குறையக் குறைய ஏன் கீச்சென்று ஆகிறது என்பதை அதன்பிறகு சொல்ல எனக்கு இரண்டு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

ஃபெட் வேறு ரகம். இயற்பியலில் 2001-ல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-ல் தொடங்கியது. இங்கே பொருளைத் தொட முடியாது, திரையில் நகர்த்திப் பார்க்கலாம். சிறு பிள்ளைகளுக்கு நான் முதலில் திறப்பது தராசுப்பலகை என்ற மாதிரியை. நடுவிலிருந்து ஒரு மீட்டரில் பத்துக் கிலோ செங்கல்லை வைத்தால், எதிர்ப்பக்கம் ஐந்து கிலோவை எங்கே வைப்பது? பிள்ளைகளே நகர்த்தி நகர்த்தி இரண்டு மீட்டரைக் கண்டுபிடித்தார்கள். உடனே ஒரு பெண், "எங்க அப்புச்சி ஊட்டு அட்டாலில இருக்கற வெள்ளிக்கோலுங்க்கா இது!" என்றாள். கயிற்றை நகர்த்தி எடை பார்க்கிற அதே வித்தைதான். சில மாதிரிகளில் தமிழே இருக்கிறது. இல்லாதவற்றிலும் எழுத்து குறைவு. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும்.

இரண்டில் ஒன்றுதான் என்றால் இந்த வயசுக்கு அரவிந்த் குப்தாதான். மின்சுற்று போலக் கையில் செய்துபார்க்க யோசிக்க வேண்டியவற்றுக்கு ஃபெட். நாசாவின் ஸ்பேஸ் பிளேஸ் தளத்தில் நிலா, கிரகணம் எல்லாம் அருமையாக இருக்கும், ஆனால் ஆங்கிலம். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். பிரெயின்பாப் போன்ற சந்தாத் தளங்களுக்குக் காசு கட்டச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சமூக அறிவியலுக்கு வந்தால் கதை மாறுகிறது. எந்தத் தளமும் நம்ம ஊரைப் பாடமாக வைத்திருக்காது. அதனால் பாடம் சொல்லும் தளத்தைவிட வரைபடம் காட்டும் தளம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இஸ்ரோவின் புவன் 2009-லிருந்து இருக்கிறது. நல்ல தளம்தான், ஆனால் அது பெரியவர்கள் வேலைக்கானது. கூகுள் எர்த்தைப் பிள்ளைகள் தாங்களே பிடித்துக்கொள்கிறார்கள்.

நொய்யலை வெள்ளியங்கிரி மலையிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தோம். கோயம்புத்தூர், திருப்பூர், அப்புறம் நம்ம பக்கம் கொடுமணல், ஒரத்துப்பாளையம் அணை, கடைசியில் காவிரி. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று பாடப்பட்ட ஊர் இந்தக் கொடுமணல்தான் என்றும், 1985-லிருந்து தோண்டியதில் கல்மணிகளும் தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன என்றும் சொன்னேன். "அங்க அணையில ஏன் யாரும் குளிக்கறதில்லைங்க்கா?" என்று ஒருத்தி கேட்டாள். திருப்பூரிலிருந்து ஆற்றில் வந்த சாயக்கழிவைப் பற்றியும், 2011-ல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதைப் பற்றியும் பேச வேண்டியதாயிற்று. அவர்கள் வீட்டு நூலுக்கும் சாயம் ஏறித்தானே வருகிறது. அன்றைக்கு அவ்வளவு கவனமாகக் கேட்டார்கள்.

கதை வழியாகப் போக விரும்பினால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய உண்டு, எல்லாம் இலவசம். வாசிப்பில் தடுமாறும் பிள்ளைக்கு வரைபடத்துக்கு முன்னால் அதைக் கொடுப்பேன்.

போன வாரம் ஆடிக்காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்தோம். கூகுள் எர்த்தைச் சாய்த்துப் பிடித்தால் மேற்குத்தொடர்ச்சி மலைச் சுவரில் பாலக்காட்டுப் பக்கம் பெரிய இடைவெளி தெரிகிறது. அந்தச் சந்தில் நுழையும் காற்றுதான் உடுமலைக் காற்றாலைகளைச் சுற்றுகிறது என்றேன். பப்பாளிக் காம்பு பையன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "கேரளாவுக்குப் போற ரயிலும் இந்தச் சந்துலதான் போகுதுங்களா?" பெரிதாக்கிப் பார்த்தோம். தண்டவாளம் இருந்தது.