லோடைக்கு 11 முறை: சிக்கனமான ஒயின் பயணத்தின் கணக்கு வழக்கு

கலிஃபோர்னியாவின் பெயர்பெற்ற ஒயின் பள்ளத்தாக்கான நாபாவுக்கு நான் போனது ஒரே ஒரு முறைதான், 2016 ஏப்ரலில். நானும் என் தோழியும் ஒயினரி எனப்படும் ஒயின் தயாரிப்பிடங்கள் இரண்டில் ஆளுக்கு ஐந்தைந்து மடக்கு ருசி பார்த்தோம். அதற்கு மட்டும் 180 டாலர். பாட்டில் ஒன்றுகூட வாங்கவில்லை. நான் கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன், ஊற்றிக் கொடுத்த இளைஞர் என் செருப்பைப் பார்த்தார். அல்லது பார்த்ததாக எனக்குத் தோன்றியது. 180 டாலர் பறிகொடுத்தவளுக்கு இப்படியெல்லாம் தோன்றத்தான் செய்யும்.

அடுத்த வாரம் அலுவலகத்தில் ஒருவர் வரைபடத்தைத் திறந்து வேறொரு ஊரைக் காட்டினார். எழுத்துகளைப் பார்த்து நான் அதை லோடி என்று படித்தேன். டெல்லியின் லோதி தோட்டம் நினைவுக்கு வந்தது. நேரில் போய் அப்படிச் சொன்னபோது காபிக் கடைப் பெண்மணி சிரித்துக்கொண்டே திருத்தினார்: லோடை. அன்றிலிருந்து 2025 பிப்ரவரி வரை 11 முறை போய்வந்துவிட்டேன். கோடை, குளிர், அறுவடை என எல்லாப் பருவத்திலும் பார்த்தாயிற்று. ஏமாந்ததும் உண்டு.

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிழக்கே சுமார் 90 மைல், சாக்ரமெண்டோவிலிருந்து தெற்கே 35 மைல். ஃப்ரீமான்டில் இருக்கும் எங்களுக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். ஆல்டமான்ட் கணவாயின் காற்றாலைகளைத் தாண்டி, ஐந்தாம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறி, 12ஆம் எண் சாலையில் கிழக்கே திரும்பினால் வந்துவிடும். மலை முகடுகளையும் கல் மாளிகைகளையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். தட்டையான நிலம், டிராக்டர் கடைகள், பழக்கிடங்குகள், நடுவில் ஒரு பழைய கடைத்தெரு. அதன் வாசலில் 1907இல் கட்டிய ஒரு தோரண வளைவு, உச்சியில் பொன்னிறக் கரடி. ‘ஏ அண்ட் டபிள்யூ’ ரூட் பீர் என்ற ஆல்கஹால் இல்லாத பானம் 1919இல் முதன்முதலில் விற்கப்பட்டது இந்த ஊர்த் தெருவில்தான். ஊரின் பெருமை இந்த அளவில் முடிகிறது. எனக்குப் பிடித்ததும் அதுதான்.

இங்கே விலை ஏன் குறைவு என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று பயணங்கள் தேவைப்பட்டன. லோடை அடிப்படையில் ஒயின் விற்ற ஊர் அல்ல, திராட்சை விற்ற ஊர். முதலில் ஃபிளேம் டோக்கே என்ற சிவந்த, சாப்பிடும் திராட்சை. அந்தத் தோரண வளைவே டோக்கே திருவிழாவுக்காக எழுந்ததுதான். பிறகு 1920இல் மதுவிலக்கு வந்தது. ஆனால் வீட்டுக்கு ஆண்டுக்கு 200 காலன் வரை பழரசம் தயாரித்துக்கொள்ளலாம் என்று ஒரு சந்து விட்டிருந்தார்கள். பழரசம் பீப்பாயில் கிடந்து என்னவாக மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும். லோடை திராட்சை ரயில் ரயிலாகக் கிழக்குக் கடற்கரைக்குப் போனது. அந்த வியாபாரத்துக்காக மின்னசோட்டாவிலிருந்து குடிபெயர்ந்து வந்த இத்தாலியக் குடும்பம் ஒன்றில் ராபர்ட் என்றொரு பையன் இருந்தான். லோடை உயர்நிலைப் பள்ளியில் படித்தவன். பின்னாளில், 1966இல், நாபாவில் ராபர்ட் மொண்டாவி ஒயினரியைத் தொடங்கி அந்தப் பள்ளத்தாக்கை உலகம் அறியச் செய்தவர் அவர்தான். ஆக, நாபாவின் நாயகன் லோடையில் வளர்ந்த பிள்ளை. இதை அங்கே யாரும் பலகை வைத்துச் சொல்வதில்லை. நானாக இருந்தால் கரடிக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்திருப்பேன்.

இப்போதும் இங்கே விளைவதில் பெரும்பகுதி வேறு ஊர்களின் பெரிய ஆலைகளுக்குப் போய், ‘கலிஃபோர்னியா’ என்ற பொதுப் பெயரில் பாட்டிலாகிறது. லேபிளில் ‘லோடை’ என்று போட வேண்டுமானால் 85 சதவீதமாவது இந்த வட்டாரத் திராட்சையாக இருக்க வேண்டும். விற்றது போக மிச்சத்தில் தன் பெயரில் கொஞ்சம் பாட்டில் போடும் விவசாயிகள்தான் இங்கே அதிகம். சுவைக்கூடம் என்பது பழைய கொட்டகையின் ஒரு மூலையாக இருக்கும். ஊற்றிக் கொடுப்பவரின் நகக்கண்ணில் மண் இருக்கும். கட்டணம் நான் கொடுத்தவரை 10 முதல் 20 டாலர். பாட்டில் வாங்கினால் பல இடங்களில் அதையும் கழித்துவிடுகிறார்கள்.

எங்கள் பயணத் திட்டம் இப்போது ஏறக்குறைய உறைந்துவிட்டது. வெள்ளி காலை கிளம்புவோம், சனி மாலை திரும்புவோம். செவ்வாய்க்கிழமை கூட்டம் இருக்காது என்று கணக்குப் போட்டு இரண்டாம் முறை போனபோது, நான்கு வாசல்களில் பூட்டைப் பார்த்தோம். சிறிய இடங்கள் பலவும் வியாழன் அல்லது வெள்ளியில் தொடங்கி ஞாயிறு வரைதான் திறக்கின்றன. ஒரு நாளைக்கு மூன்று இடங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒரு மடக்கு 30 மில்லி அளவு. ஐந்து மடக்கு சேர்ந்தால் ஒரு முழுக் கோப்பை. இந்த ஊரின் முக்கியச் சிவப்பு ஒயின் ரகமான ஜின்ஃபாண்டலில் ஆல்கஹால் 15 சதவீதத்தைத் தொடுவது சாதாரணம். நான்காவது இடத்தில் எல்லாமே நன்றாக இருக்கும். நான் மிக மோசமான பாட்டில்களை வாங்கியது நான்காவது இடங்களில்தான்.

என் கணவர் குடிப்பதில்லை. எனவே வண்டி அவர் பொறுப்பு. அப்படி ஒருவர் அமையாதவர்கள் கடைத்தெருவுக்கு நடந்து போகும் தூரத்தில் அறை எடுத்துக்கொள்ளலாம். ஸ்கூல் ஸ்ட்ரீட்டைச் சுற்றிலும் சுவைக்கூடங்கள் இருக்கின்றன. இரண்டு பேர் ஒரே கட்டணத்தில் பகிர்ந்து சுவைக்கலாமா என்று கேட்கத் தயங்காதீர்கள். இதுவரை என்னை யாரும் முறைத்ததில்லை. திறந்த பாட்டிலை எடுத்து வந்தால் டிக்கியில்தான் வைக்க வேண்டும். இருக்கைக்குப் பக்கத்தில் வைத்தால் இந்த மாநிலத்தில் சட்டப்படி குற்றம்.

இன்னொன்று, துப்பும் பாத்திரம். மேசை மேல் ஒரு சிறு வாளி இருக்கும். ருசி பார்த்துவிட்டு அதில் துப்பலாம். மற்றவர் எதிரே துப்புவதா என்று முதல் ஓராண்டு கூசிக்கொண்டிருந்தேன். பிறகு தாத்தாவின் திண்ணையில் இருந்த வெற்றிலைப் படிக்கம் நினைவுக்கு வந்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள் எதிரிலேயே கம்பீரமாகத் துப்பிய பரம்பரையில் வந்தவள் நான். அன்றோடு கூச்சம் போயிற்று.

மறக்கக் கூடாத தவறுகள் இரண்டு. முதலாவது ஜூலை பயணம். வெயில் 38 டிகிரி. மூன்று பாட்டில்களைக் காரில் வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனோம். திரும்பி வந்தபோது இரண்டில் கார்க் அரை விரற்கடை வெளியே தள்ளியிருந்தது. வீட்டுக்கு வந்து திறந்தால் வேகவைத்த உலர்திராட்சை வாசனை. இப்போது கோடையில் போவதில்லை. போனால் ஐஸ் பெட்டி இல்லாமல் கிளம்புவதில்லை. மாலையில் பக்கத்து ஆற்று டெல்டாவிலிருந்து ஒரு குளிர்ந்த காற்று வரும் என்பது உண்மைதான். இங்கே நல்ல ஒயின் விளைவதற்கே அந்தக் காற்றுதான் பெரிய காரணம். ஆனால் அது காருக்குள் இருக்கும் பாட்டிலுக்கு உதவாது.

இரண்டாவது, ஒயின் கிளப். மூன்றாவது கோப்பைக்குப் பிறகு, உறுப்பினரானால் இன்றைய கட்டணம் இல்லை என்று ஒரு இடத்தில் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டேன். மிச்சம் பிடித்தது 15 டாலர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நான்கு பாட்டில்கள் வாசலுக்கு வந்து நின்றன, அனுப்பும் செலவோடு. நிறுத்தச் சொல்லி மூன்று மின்னஞ்சல், ஒரு தொலைபேசி அழைப்பு. ஓராண்டில் அதற்கு ஆன செலவில் இன்னும் இரண்டு முறை லோடைக்கே போய்வந்திருக்கலாம்.

2019 செப்டம்பரில் அப்பா வந்திருந்தார். உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் நாற்பது ஆண்டுகள் பன்னீர்த் திராட்சை போட்டவர். ஒயின் என்று சொல்லாமல், திராட்சைத் தோட்டம் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் சொல்லி அழைத்துப் போனேன். காரிலிருந்து இறங்கியவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “பந்தல் எங்கே, பாப்பா?”

பந்தல் இல்லை. கம்பிகூட இல்லை. பழைய ஜின்ஃபாண்டல் தோட்டங்களில் ஒவ்வொரு கொடியும் இடுப்பு உயரத்தில் தனித்தனிக் கட்டையாக நிற்கும், தலைவிரித்த குட்டி மரம்போல. இதில் இயந்திரம் நுழைய முடியாது. கையால்தான் பறிக்க வேண்டும். ஒரே குலையில் பச்சைக் காயும் இருக்கும், கனிந்த பழமும் இருக்கும், உலர்ந்ததும் இருக்கும். தோட்டக்காரர் எழுபது வயதைத் தாண்டியவர். அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. நான் நடுவில் மொழிபெயர்ப்பாளர். ஆனால் பாதி உரையாடல் கை ஜாடையிலேயே ஓடியது. அப்பா குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விரலிடுக்கில் விட்டார். மணல். அதுதான் சங்கதி என்றார் தோட்டக்காரர். ஃபைலாக்ஸரா என்ற வேர்ப்பேன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகத்தின் திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடியது. மற்ற இடங்களில் அமெரிக்க வேர்க்கட்டையில் ஒட்டுக் கட்டித்தான் பிழைத்தார்கள். மணலில் அந்தப் பேன் செழிப்பதில்லை. அதனால் இங்கே பல கொடிகள் இன்னும் சொந்த வேரில் நிற்கின்றன. பக்கத்திலேயே பெக்டோல்ட் தோட்டத்தில் சான்சோ என்ற ரகம் 1886இல் நட்டது, இன்றும் காய்க்கிறது என்றார்.

அப்பா கணக்குப் போட்டார். “நம் பெரியாறு அணையே 1895இல்தான் முடிந்தது. அதற்கு ஒன்பது வயது மூத்த கொடியா?” இதை மொழிபெயர்க்க நான் முல்லைப் பெரியாற்றின் கதையை முழுவதும் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் தோட்டக்காரர் எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டார்.

ஜின்ஃபாண்டல் எந்த ஊர்ச் சரக்கு என்று அப்பா கேட்டார். அமெரிக்காவுக்கே உரியது என்றுதான் வெகுகாலம் பெருமையடித்துக்கொண்டிருந்தோம், 2001இல் டி.என்.ஏ. பார்த்ததில் குரோஷியாக் கொடி என்று தெரிந்துவிட்டது என்று தோட்டக்காரர் சிரித்தார். எங்கள் பன்னீரும் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தது என்றுதான் ஊரில் சொல்வார்கள் என்றார் அப்பா. அவர் ஒயினைத் தொடவில்லை. ஒரு பழத்தைப் பறித்து மென்று, விதையைத் துப்பி, தீர்ப்பு சொன்னார்: “இனிப்பு ஜாஸ்தி. தோல் தடிப்பு. மதுரைச் சந்தையில் இதை யாரும் வாங்க மாட்டார்கள்.” நாபாவில் யாராவது இப்படி நாற்காலி போட்டிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. அன்று எங்களுக்கு ஆன செலவு 10 டாலர்.

சுவை பற்றியும் சொல்ல வேண்டும். ஜின்ஃபாண்டல் தலைநகரம் என்று ஊர் தன்னை அழைத்துக்கொள்கிறது. ஆனால் எனக்கு அதில் பாதி அளவுக்கு மீறிய இனிப்பாகவும் ஓக் மர வாசனையாகவும் இருக்கிறது. லேபிளில் பழங்கொடி என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். எத்தனை வயதானால் பழங்கொடி என்பதற்கு அமெரிக்கச் சட்டத்தில் வரையறை கிடையாது. கொடி எந்த ஆண்டு நட்டது என்று கேளுங்கள். உண்மையிலேயே பழையதை வைத்திருப்பவர் ஆண்டைச் சொல்லிவிடுவார். நான் இப்போது அதிகம் வாங்குவது இங்கே விளையும் ஸ்பானிய வெள்ளை ரகமான அல்பரீனோ. பொக்கிஷ் என்ற ஒயினரியில்தான் முதலில் ருசித்தேன். நம் காதுக்குப் பெயரே பொருத்தம். பல இடங்களில் நாம் கொண்டுபோன சாப்பாட்டை வெளி மேசையில் வைத்துச் சாப்பிட விடுகிறார்கள். எலுமிச்சைச் சாதத்துக்கும் சுண்டலுக்கும் அல்பரீனோ அழகாகச் சேர்கிறது. ஜின்ஃபாண்டலோடு மிளகாய் சேர்ந்தால் வாயில் நெருப்பு. ஆல்கஹால் அதிகமானால் காரமும் ஏறும்.

கடைசிப் பயணத்தின் கணக்கு, இரண்டு பேருக்கு: பெட்ரோல் 28 டாலர், நெடுஞ்சாலையோர விடுதி வரியோடு 104, சுவைக்கட்டணம் கழிவு போக 10, சாப்பாடு 46. மொத்தம் 188. நான்கு பாட்டில்கள் 98 டாலர் தனி. விடுதியில் குளியலறைக் குழாய் இரவெல்லாம் சொட்டியது, காலையுணவு என்பது ஒரு ரொட்டித் துண்டு. அதற்கு மேல் எதிர்பார்ப்பவர்கள் இருமடங்கு கொடுக்க வேண்டியிருக்கும்.

குளிர்காலத்தில் போவதற்கு இன்னொரு காரணம் கொக்குகள். அக்டோபர் தொடங்கி பிப்ரவரி வரை சாண்ட்ஹில் கொக்குகள் வடக்கிலிருந்து வந்து ஊருக்கு மேற்கே நீர் தேங்கிய வயல்களில் தங்குகின்றன. பொழுது சாயும் வேளையில் உட்பிரிட்ஜ் சாலையோரம் நின்றால் போதும், கூட்டம் கூட்டமாகக் கத்திக்கொண்டு இறங்கும். காசு இல்லை. என் கணவர் உண்மையில் இதற்காகத்தான் வண்டி ஓட்டச் சம்மதிக்கிறார்.

2025 பிப்ரவரியில் 12ஆம் எண் சாலையோரம் வேறொன்றையும் பார்த்தோம். பிடுங்கிய திராட்சைக் கட்டைகள் ஆள் உயரத்துக்கு மேல் குவிந்து கிடந்தன, அடுத்தடுத்து இரண்டு தோட்டங்களில். திராட்சையை வாங்க ஆள் இல்லை, ஒயின் குடிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்றார் சுவைக்கூடத்தில் இருந்த பெண்மணி. பாதாம் போடப் போகிறார்களாம். படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். ஊரில் அதிகாலை. உடனே அழைத்தார். வேரோடு பிடுங்கினார்களா, அறுத்தார்களா என்று கேட்டார். வேரோடுதான் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “ஒரு கட்டையைக் கேட்டு வாங்கி வை, பாப்பா” என்றார்.

கேட்டேன். இரண்டாகவே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒன்று போதும் என்று டிக்கியில் நான்கு பாட்டில்களுக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டுவந்தோம். எங்கள் கார் கொட்டகையில் இருக்கிறது. இன்னும் மணல் உதிர்கிறது.