மட்டக்களப்பில் வார இறுதி டோகாஃப் வகுப்பு: சேரலாமா?

டோகாஃப் (TOGAF) என்பது ஒரு நிறுவனத்தின் தொழில், தகவல் தொழில்நுட்பக் கட்டமைப்பைத் திட்டமிடுவதற்கான வழிமுறைத் தொகுப்பு. மட்டக்களப்பு நகரில் சனி, ஞாயிறுகளில் நடக்கும் இந்தப் பாடநெறியில், அந்தக் கட்டமைப்பைப் படிப்படியாக உருவாக்கும் முறையான ஏடிஎம் (ADM) சுழற்சிதான் பலம். ஆரம்பக் கட்டம் தொடங்கி ஏ முதல் எச் வரை ஒவ்வொரு கட்டத்தின் நோக்கம், உள்ளீடு, வெளியீடு எல்லாவற்றையும் வளவாளர் பொறுமையாகப் பிரித்துக் காட்டுகிறார். டோகாஃப் சான்றிதழின் முதற்பகுதிப் பரீட்சைக்கு இது தாராளமாகப் போதும்: 60 நிமிடத்தில் 40 வினா, 24 சரியென்றால் சித்தி.

இரண்டாம் பகுதிக்கு இது போதாது. அங்கே 90 நிமிடத்தில் 8 சூழ்நிலை வினாக்கள், விடைகளுக்கு 5, 3, 1, 0 என்று புள்ளி. சித்திக்கு 24 தேவை. எட்டிலும் இரண்டாம் தர விடையையே தெரிவுசெய்தால் சரியாக 24 வரும். அதில் ஒன்று சறுக்கினாலும் தோல்விதான். புத்தகம் பார்த்து எழுதலாம்தான், ஆனால் அதை நம்பிப் போகாதீர்கள். வினாவுக்குப் பதினொரு நிமிடமளவில் தேடிப் படிக்க நேரம் வராது, எந்தக் கட்டத்தில் எது இருக்கிறது என்பது மனதில் நிற்கவேண்டும். இதற்கான பயிற்சி வகுப்பில் மிகக் குறைவு.

குறிப்புகளும் பழைய 9.2 பதிப்புக்குரியவை. 2022இல் வந்த பத்தாம் பதிப்பில் அடிப்படைப் பகுதியும் வழிகாட்டித் தொடர்களும் தனித்தனி என்பதால் பழைய அத்தியாய எண்கள் பொருந்தாது. எந்தப் பதிப்பு, பரீட்சைக் கட்டணம் உட்பட்டதா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள்.